டாக்டர் பிரௌன் செக்கார்

கல்மண்டபத்தினின்று சிறிது தெற்கே சென்றால் சென்னைத் துறைமுகம். 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிற் கப்பலேறி மொரீஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் பலர். அத்தீவின் போர்ட் லூயி நகரில் 1817-இல் தோன்றியவரே வைத்திய ஆராய்ச்சியாளர் பிரௌன் செக்கார். அமெரிக்கக் கப்பல் தலைவராகிய தந்தை, மைந்தன் பிறக்குமுன்னரே கடலில் மறைந்தார். பிரெஞ்சு மரபினராகிய தாய் தையல் வேலை செய்து வளர்த்தார்.

பாரிஸில் நூலாசிரியராக விழைந்து, அது கைகூடாமையால் வைத்தியம் பயின்றார். முதுகுத்தண்டின் நரம்புவடம் ஒரு பாதி வெட்டுண்டால், காயத்தின் கீழ் அப்பக்கத்து அங்கம் அசைவறும். வலியும் வெம்மையும் உணராதொழிவதோ மறுபக்கம். இதனைப் பிராணிகளிற் சோதித்து அவர் நிறுவினார். கத்திக்குத்துண்டு வருவோரிடம் வைத்தியர் இன்றும் தேடும் குறி இஃதே. 1854-இல் பிறந்த தீவை வாந்திபேதி வாட்டியபோது ஆங்கிருந்து சிகிச்சை புரிந்தார்.

1889-இல், தமது 72-ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டு, வலிமை மீண்டதெனப் பாரிஸ் உயிரியற் கழகத்தில் அறிவித்தார். பலர் நகைத்தனர், போலி வைத்தியர் அதனை விற்றுப் பொருளீட்டினர். அந்தோ, அந்நீர்ச்சாற்றில் ஆண்மைச் சுரப்பு மிகச் சிறிதே! நம்பிக்கையே வலிமையாய்த் தோன்றிற்றுப் போலும். ஆயினும் சுரப்பிகள் உயிர்க்கு இன்றியமையாதன என்னும் அவர் கொள்கை பிழையன்று; சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகளை அகற்றின் பிராணி மாளுமென 1856-இலேயே காட்டியவர் அவர்.

1894-இல் பாரிஸில் காலமானார். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர் காளையின் விரையினின்று டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தனர்.