இசை மன்னர் சுவாதித் திருநாள்

நவராத்திரி நெருங்குங்கால், நாம் வாழும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி விழாக்கோலம் பூணுகின்றது. பத்மநாபபுரத்துக் கலைமகள், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வரத் திருவனந்தபுரம் நோக்கி எழுந்தருளுகின்றாள். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை கடந்து, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையில் தங்கல். கம்பர் வழிபட்ட திருவுருவமே இது என்பது மரபு. இத்தேவியின் திருமுன் பாடுதற்கென ஒன்பது கீர்த்தனங்களை இயற்றியவர், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இராமவர்மர்.

1813-ஆம் ஆண்டு பிறந்த இவர், கருவிலேயே அரசுரிமை பெற்றமையால் கர்ப்ப ஸ்ரீமான் எனப்பட்டார். இளமையிலேயே அன்னை கௌரி லட்சுமிபாயை இழந்தார். சிற்றன்னை கௌரி பார்வதிபாய் நாட்டையும் பிள்ளையையும் ஒருங்கே காத்தார். தஞ்சைச் சுப்பராவ் ஆங்கிலம் முதலியன கற்பித்தார். 1829-இல், பதினாறாம் அகவையில், மன்னர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1834-இல் ஆங்கிலப் பள்ளியும், 1837-இல் வானாராய்ச்சி நிலையமும் தலைநகரில் தோன்றின.

அவரது அவை பன்னாட்டுக் கலைஞர் கூடிய மன்றம். தஞ்சை நால்வருள் இளையவரும் முத்துசாமி தீட்சிதரின் மாணவருமான வடிவேலு அங்கே சிறப்புற்று விளங்கினார். 1834-இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். பிழைப்புத் தேடியும் புகழ் நாடியும் ஊர்விட்டு வந்த தமிழ்க் கலைஞர்க்கு அவ்வவை தாயகமாயிற்று.

நவராத்திரிக் கீர்த்தனங்கள் ஒன்பதும் வடமொழியில் அமைந்தவை. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி என இரவுக்கோர் இராகம். அவ்விரவில் அவ்விராகமே தலைமை பெறும். நவராத்திரி மண்டபத்தில் கைதட்டல் இல்லை. அங்கே பாட்டு கச்சேரியன்று, வழிபாடு.

மன்னரின் பிற்காலம் துயர் மிக்கது. 1840-இல் ரெசிடெண்டாக வந்த கல்லன் துரையின் தலையீடு ஆட்சியை நெருக்கியது. 1846-இல், முப்பத்துமூன்றாம் அகவையில், மன்னர் மறைந்தார். அவருடைய பாடல்கள் பல மங்கிக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அவற்றைத் தேடித் தொகுத்துச் செப்பஞ்செய்தவர் திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். 1939-இல் திருவனந்தபுரத்தில் மன்னர் பெயரால் இசைக் கல்விக்கூடம் எழுந்தது. பாகவதருக்குப்பின் அதன் தலைமையேற்ற செம்மங்குடி சீனிவாச ஐயர் அப்பாடல்களை நாடெங்கும் மேடையேற்றினார்.

ஆயினும் ஒரு குறை நின்றது. தேவியைப் பாடும் அம்மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கமில்லை. அக்குறையை நீக்கியவர் நம் பாறசாலையில் 1924-இல் பிறந்த பொன்னம்மாள். அவ்விசைக் கூடத்தின் முதல் மாணவியான அவர், 2006-இல், எண்பதைக் கடந்த முதுமையில், அம்மண்டபத்தில் அமர்ந்து பாடினார், 2021-இல் மறைந்தார். மன்னர் இயற்றிய பாடல்களுக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்குப்பின் அங்கே ஒரு பெண்குரல் வாய்த்தது.

1956-இல் மாநில எல்லை பிரிந்தது. கலைமகளின் வழி பிரியவில்லை. நம் இல்லங்களில் கொலு வைக்கும் அன்னையர் இவ்வொன்பதில் ஒன்றையேனும் தம் பெண்மக்களுக்குக் கற்பிப்பாராக. அம்மன்னருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாம்.