திறக்காத சிப்பியில் முத்தைத் தேடியவர்: ரஹீம் சாப் நிஜமாகவே நல்ல ‘பிக்கர்’தானா?

தூத்துக்குடிக் கடலில் 1955-ல் தொடங்கி ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. 1961-ஓடு அது நின்றுபோனது. அந்தச் சலாபத்தில் ஒரு விநோதம் உண்டு. கரையில் ஏலத்துக்கு வந்தது முத்து இல்லை, திறக்காத சிப்பி. ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று விலை. சலாபத்துக்கு முன்பே மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பியை எடுத்து, கழுவி, அதில் கிடைத்த முத்தை மதிப்பு போட்டுப் பார்ப்பார்கள். ஆனாலும், தான் வாங்கிய குவியலில் என்ன இருக்கும் என்பது சிப்பி அழுகி, வியாபாரி அலசிப் பார்க்கிறவரை யாருக்கும் தெரியாது.

அமெரிக்க ஃபுட்பாலில் ஜெனரல் மேனேஜர் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி வீரர்களின் ‘டிராஃப்ட்’ நடக்கும். எந்தப் பையன் தேறுவான் என்று ஊகித்து வரிசையாகப் பெயர் சொல்ல வேண்டும். 2000-ம் ஆண்டு டிராஃப்டில் டாம் பிரேடி 199-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பின்னாளில் அவர் என்ன ஆனார் என்பது ஊருக்கே தெரியும். அவரை எடுத்தவர்களை இன்றும் மேதைகள் என்கிறார்கள். சரி, மேதை என்றால் 198 பேர் போகிறவரை ஏன் காத்திருந்தார்கள்? ஐபிஎல் ஏலம் முடிந்த ராத்திரி நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கும் சண்டையும் இதே கேள்விதான்: ஆளைத் தேர்வு செய்கிறவருக்கு எப்படி மார்க் போடுவது?

இந்தியக் கால்பந்தில் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஆள் ஒருவர் இருக்கிறார். சையத் அப்துல் ரஹீம். 2024-ல் வந்த ‘மைதான்’ இந்திப் படத்தில் அஜய் தேவ்கன் நடித்தது இவர் வேடத்தில்தான். படத்தில் ரஹீம் கை வைத்த பையன் எல்லாம் ஹீரோ. நிஜக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை.

வாத்தியார் ரஹீம்

1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி, தொழில் பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரான பிறகுதான் பெயர் பரவியது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி வென்றது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இவர் பயிற்சியில் இந்தியா ஈரானை 1-0 என வீழ்த்தித் தங்கம் வாங்கியது.

அடுத்த ஆண்டே அடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1. நம் ஆட்கள் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள். ஆளைத் தேர்ந்ததில் தப்பா, தயார் செய்ததில் தப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத தோல்வி அது. ஆனால் ரஹீமின் பேரேட்டில் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ரசிகர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மற்றவர் கண்ணில் படாதவர்

தேர்வாளருக்கு மார்க் போட நான் முதலில் கேட்பது இது: அவர் எடுக்காவிட்டாலும் அந்தப் பையன் மேலே வந்திருப்பானா?

துளசிதாஸ் பலராமை எடுத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத் பக்கம் அம்முகூடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஆட்டம் இருந்தது, பயிற்சிக்கு நகரத்துக்கு வந்துபோகக் காசு இல்லை. ரஹீம் வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து அவரை வரவழைத்தார். இதைப் பலராமே பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 20 வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இடம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோல் அவருடையது. அந்தச் சைக்கிள் காசு இல்லாவிட்டால் பலராம் அம்முகூடா மைதானத்தோடு நின்றிருக்கலாம். இது முழுக்க ரஹீமின் மார்க்.

பீட்டர் தங்கராஜ் கதை வேறு. அவரும் ஹைதராபாத் பக்கத்துத் தமிழர்தான். ஆனால் அவரை கோல்கீப்பராக உருவாக்கியது ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். 1955-ல் அந்த அணி டுராண்ட் கோப்பையையே வென்றது. அவ்வளவு பெரிய மேடையில் ஜெயித்தவரை இந்திய அணிக்கு எடுக்கத் தனிக் கண் தேவையில்லை. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்த நெவில் டிசோசாவும் பம்பாயில் ஏற்கெனவே பெயர் வாங்கியவர். அந்த 4-2 வெற்றியும் நான்காம் இடமும் பெரிய சாதனைதான். ஆனால் இவர்களை ரஹீமின் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதுவது கொஞ்சம் ஓவர்.

இன்னொன்று, இந்திய அணியை அறிவித்தது கூட்டமைப்பின் தேர்வுக் குழு. ஜெனரல் மேனேஜர் மாதிரி முழு அதிகாரம் ரஹீம் கையில் இருந்ததில்லை.

சொந்த ஊர், சொந்த மகன்

மெல்போர்ன் அணியில் ஹைதராபாத்காரர்கள் நிறைய. ஊர்ப்பாசமா? அவர் அன்றாடம் பார்த்த மைதானம் அது. எந்தத் தேர்வாளரும் தான் பார்த்த ஆட்களைத்தான் நம்புவார், பார்க்காத ஊர்க்காரனுக்கு அது அநியாயம்தான். ஆனால் அதே ஹைதராபாத் மாநில அணி 1956-57, 1957-58 என அடுத்தடுத்து சந்தோஷ் டிராபி வென்றதையும் பார்க்க வேண்டும். அங்கே சரக்கு இருந்தது.

மகன் விஷயம் இன்னும் நுணுக்கமானது. சையத் ஷாஹித் ஹகீம் 1960 ரோம் அணியில் இருந்தார், ஆனால் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. 1962 ஜகார்த்தா அணியில் அவர் பெயரே இல்லை. முதலாவதை வைத்துத் திட்டுகிறவர்கள் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

முத்துக் கணக்கு எங்கே இடிக்கிறது?

சிப்பியை வாங்கியவர் உள்ளே இருக்கும் முத்தைப் பெரிதாக்க முடியாது. ரஹீமால் முடிந்தது. பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று போட்டி நடத்தினார். பந்தை வைத்துக்கொண்டு டிரிப்ளிங் செய்யக் கூடாது என்று ஒரு போட்டி. விளைவு, இரண்டு காலும் பேசும், பந்தைச் சட்டென்று கைமாற்றும் பையன்கள். இப்படி வந்த ஒருவரைத் தேர்வுக்கான வெற்றி என்பதா, பயிற்சிக்கான வெற்றி என்பதா? அமெரிக்காவில் டிராஃப்ட் மார்க் போடுகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. நல்ல பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்த சுமாரான வீரரால் அவரை எடுத்த மேனேஜர் பெயர் வாங்கிவிடுவார்.

ஜகார்த்தா, செப்டம்பர் 4, 1962

ஆக, மற்றவர் பங்கு கலக்காத முடிவுகளைத் தேடினால் ஜகார்த்தாவுக்குத்தான் போக வேண்டும். இஸ்ரேல், தைவான் அணிகளை இந்தோனேசியா விலக்கியதை இந்தியப் பிரதிநிதி ஜி.டி.சோந்தி எதிர்த்ததால், உள்ளூர்க் கூட்டம் இந்தியர்கள்மேல் கொதிப்பில் இருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்தை 4-1 என வென்ற ஆட்டத்தில் தடுப்பாட்டத்தின் தூண் ஜெர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல்.

சாதாரணமாக அவரை உட்காரவைத்திருப்பார்கள். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார்! அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்றபோது அதில் ஒரு கோல் ஜெர்னைல் அடித்தது.

இறுதிப்போட்டி மறுபடி தென்கொரியாவோடு. கோலில் அதுவரை நன்றாக ஆடிய பிரத்யுத் பர்மனை எடுத்துவிட்டு, உயரமான தங்கராஜை நிறுத்தினார். ஜெயித்த அணியில் கை வைப்பது எந்தப் பயிற்சியாளருக்கும் ரிஸ்க். தோற்றிருந்தால் பழி முழுக்க அவர் தலையில்தான் விழுந்திருக்கும். முதலில் பி.கே.பானர்ஜி ஒரு கோல், சில நிமிடங்களில் ஜெர்னைல் ஒரு கோல். 2-1. தங்கம்.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் ஆட்டத்தின் முடிவை மட்டும் பார்த்து மார்க் போடக் கூடாது என்பேன். ஜெர்னைலின் தலையில் பந்து பட்டுத் தையல் பிரிந்திருந்தால் அதே யோசனையை முட்டாள்தனம் என்றிருப்போம். ஆனால் யார் எந்த இடத்தில் பயன்படுவார் என்று ரஹீம் தன் ஆட்களை அணு அணுவாக அறிந்திருந்தார் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. அந்தப் பதினொரு பேரில் யார் எங்கே என்பது அவர் முடிவு. புது ஆளைக் கண்டுபிடிப்பதைவிட, இருக்கிற ஆளுக்கு இடம் கண்டுபிடிப்பதில்தான் இவர் கெட்டி. பலராம் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், என் கணக்கில் ஜெர்னைல்தான் பெரிய மார்க்.

அப்போதே புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11-ல் ரஹீம் இறந்தார். பலராமும் உடல்நலக் குறைவால் அந்தக் காலகட்டத்திலேயே ஆட்டத்தை விட வேண்டியதானது. 1964-ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பைக்கு, சுனி கோஸ்வாமி தலைமையில் ஜெர்னைல் உள்ளிட்ட ரஹீமின் ஆட்கள் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளரோடு போனார்கள். இரண்டாம் இடம் பிடித்துத் திரும்பினார்கள்.