மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்)

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வருகையைப் பற்றித் தவ்ராத்திலும் இன்ஜீலிலும் முன்னறிவிப்பு உண்டு என்பதைத் திருக்குர்ஆன் அல்அஃராஃப், அஸ்ஸஃப்ஃபு ஆகிய அத்தியாயங்களில் எடுத்துரைக்கின்றது. யூதரும் கிறிஸ்தவரும் ஓதிவரும் வேதநூல்களிலேயே அந்த முன்னறிவிப்புகளைத் தேடி ஆய்ந்த அறிஞர்களுள் தலைசிறந்தவர் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள். அன்னாரின் வாழ்வைச் சுருக்கமாக இங்கு நாம் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் வழிவந்த குடும்பத்தில், வட இந்தியாவின் கைரானா என்னும் ஊரில் ஹிஜ்ரி 1233-இல் (1818) அன்னார் பிறந்தார்கள். தில்லியிலும் லக்னோவிலும் மார்க்கக் கல்வி பயின்று, சொந்த ஊரில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வந்தார்கள். ஜெர்மானியப் பாதிரியார் கார்ல் ஃபாண்டர் எழுதிய மீஸானுல் ஹக் என்னும் நூல் அக்காலத்தில் முஸ்லிம்களிடையே பரப்பப்பட்டு வந்தது. அதற்கு விடை கூற விரும்பிய மௌலானா அவர்கள் முதலில் பைபிளையே கற்கத் தொடங்கினார்கள். அன்னார் ஆங்கிலம் அறியார். ஆக்ராவில் மருத்துவராயிருந்த டாக்டர் முஹம்மது வஸீர் கான், ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்களின் ஆய்வு நூல்களைப் படித்து அவற்றின் கருத்தை விளக்கி உதவினார்.

ஆக்ரா விவாதம்

1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில் ஆக்ராவில் விவாதம் நடைபெற்றது. வேதச் சட்டங்கள் மாற்றப்படுதல், வேதநூல்கள் திரிபடைதல், திரித்துவம், நபி (ஸல்) அவர்களின் தூதுத்துவம், திருக்குர்ஆன் என ஐந்து தலைப்புகள் முடிவு செய்யப்பட்டிருந்தன. பைபிள் பிரதிகளில் சில இடங்களில் மாற்றம் நேர்ந்திருப்பதை ஃபாண்டர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அதனால் அடிப்படைப் போதனைக்குக் குறைவில்லை என வாதிட்டார். இரண்டாம் நாளோடு சபை கலைந்தது. நபித்துவம் என்னும் தலைப்பு பேசப்படாமலே நின்றுவிட்டது.

நாடு துறந்த பின்

1857-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் மௌலானா அவர்கள் பங்கு கொண்டார்கள். ஆங்கில அரசு தேடவே, நாடு துறந்து மக்கா சென்றார்கள். அன்னாரின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டு ஏலம் விடப்பட்டன. அந்நிலையிலும் ஹரம் ஷரீஃபில் அன்னாரின் கல்விப் பணி தொடர்ந்தது. துருக்கி சுல்தான் அப்துல் அஸீஸின் அழைப்பின்பேரில் இஸ்தான்புல் சென்று, 1864-இல் இழ்ஹாருல் ஹக் என்னும் அரபு நூலை எழுதி முடித்தார்கள். ஆக்ராவில் பேசப்படாத தலைப்பிற்கு அந்நூலின் ஆறாம் அத்தியாயத்தில் விரிவான இடம் கிடைத்தது. அதில் பதினெட்டு முன்னறிவிப்புகள் ஆராயப்பட்டுள்ளன.

அவற்றை எடுத்துரைக்குமுன் அன்னார் சில அடிப்படைகளை வகுத்துக் கொள்கிறார்கள். முன்னறிவிப்பு என்பது பெயரும் ஊரும் காலமும் முழுமையாகச் சொல்லப்படுவதன்று. அடையாளங்களைக் கொண்டே அறிஞர் அதனை உணர்வர் என்பது அவற்றுள் ஒன்று. மஸீஹும் இலியாஸும் அல்லாத வேறொரு நபியையும் யூதர் எதிர்பார்த்திருந்தனர் என்பதற்கு, யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் யஹ்யா (அலை) அவர்களிடம் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளையே சான்றாக்குகிறார்கள்.

மூஸா (அலை) அவர்களைப் போன்ற ஒரு நபி இஸ்ரவேலரின் சகோதரரிடையே தோன்றுவார் என்னும் உபாகமம் 18-ஆம் அதிகாரச் செய்தியை முதலாவதாக வைக்கிறார்கள். அச்சகோதரர் இஸ்மாயீல் (அலை) அவர்களின் வழியினர் என்பது அன்னாரின் விளக்கம். சீனாய், சேயீர், பாரான் என உபாகமம் 33-இல் வரும் மூன்று இடங்களை முறையே தவ்ராத், இன்ஜீல், குர்ஆன் ஆகியவற்றோடு பொருத்துகிறார்கள். இறுதியாக, யோவான் சுவிசேஷம் கூறும் தேற்றரவாளர் நபி (ஸல்) அவர்களே என வாதிடுகிறார்கள். அச்சொல் பரிசுத்த ஆவியைக் குறிப்பதாகக் கிறிஸ்தவர்கள் கொள்கின்றனர். அவர்களின் மறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறியே விடை தருவது அந்நூலின் சிறப்பு.

மறையாத பணி

கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லத்துன்னிஸா என்னும் பெருமாட்டியின் பொருளுதவியால் 1874-இல் மக்காவில் மதரஸா ஸவ்லத்திய்யாவை அன்னார் நிறுவினார்கள். 1891-இல் ரமழான் மாதத்தில் மறைந்து, ஜன்னத்துல் முஅல்லாவில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

பிற சமயத்தாரின் வேதத்திலிருந்து ஓரிரு வசனங்களை மட்டும் மனனம் செய்து மேடையில் முழங்குவது எளிது. அவ்வேதத்தையும் அதற்கு அவர்கள் தரும் விளக்கத்தையும் முழுமையாகக் கற்ற பின்னரே பேசுவது அரிது. அவ்வரிய வழியையே மௌலானா அவர்கள் நமக்குக் காட்டிச் சென்றுள்ளார்கள். அன்னாரின் கப்றை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய கல்வி வேட்கையை நல்குவானாக! ஆமீன்.