வினாவால் உயர்ந்த மேதை ஆலன் டூரிங்

வகுப்பறையில் விடை பெற்று மகிழ்வோர் பலர். விடையில்லா வினா ஒன்றைச் சுமந்து வெளியேறுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், கணிப்பொறியியற் கோட்பாட்டிற்கு அடித்தளம் இட்ட ஆலன் மாத்திசன் டூரிங். பட்டம் பெற்ற பின்னரும் அவர் விரும்பிச் சென்று அமர்ந்த ஓர் இளவேனிற்காலப் பாடத்தொடர், அவர்தம் வாழ்வையும் அறிவியலின் போக்கையும் மாற்றியது. அவ்வரலாற்றை மாணவர் அறிதல் நலம் பயக்கும்.

பிறப்பும் இளமையும்

டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர் குடும்பத்திற்கும் தமிழ் மண்ணிற்கும் தொடர்பு உண்டு. தந்தையார் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்தவர். தாயார் எதெல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் சென்னை இரயில்வேயில் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். பெற்றோர் கடமையின் பொருட்டு இந்தியாவில் வாழ, டூரிங்கும் அவர் அண்ணனும் இங்கிலாந்தில் பிறர் பொறுப்பில் வளர்ந்தனர்.

1926இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேரவேண்டிய நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவர் சற்றும் தளராது, ஏறத்தாழ 60 மைல் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்து பள்ளி சேர்ந்தார். அங்கு அறிவியல் ஆர்வத்தால் இணைந்த ஆருயிர் நண்பர் கிறிஸ்டோபர் மார்கம், 1930இல் காசநோயால் மறைந்தார். அத்துயரைக் கல்வியால் ஆற்றிக்கொண்ட டூரிங், 1931இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் பயிலப் புகுந்தார். 1934இல் முதல் வகுப்பில் தேறி, 1935இல் தம் 22ஆம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார்.

இளவேனில் தந்த வினா

அவ்வாண்டின் இளவேனிலில், மேக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியர் கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றித் தொடர் விரிவுரை ஆற்றினார். ஆய்வுறுப்பினர் என்னும் தகுதி பெற்றிருந்தும், டூரிங் மாணவராகவே சென்று அமர்ந்தார். செருமானிய அறிஞர் ஹில்பர்ட் எழுப்பிய சிக்கல்களையும், கர்ட் கோடல் 1931இல் வெளியிட்ட வியத்தகு முடிவுகளையும் நியூமன் விளக்கினார். முடிவு காணப்படாத சிக்கல் ஒன்று எஞ்சியிருந்தது. தருக்க முறையில் அமைந்த கூற்று ஒன்றைக் கொடுத்தால், அது நிறுவத்தக்கதா அன்றா என்பதைக் கூறும் பொது வழிமுறை உண்டா என்பதே அது. அத்தகைய வழிமுறை இயந்திரம் போல் இயங்க வல்லதாதல் வேண்டும் என்றார் நியூமன்.

பிறர் உவமையாகக் கொண்ட அச்சொல்லை டூரிங் உண்மைப் பொருளிலேயே எடுத்துக்கொண்டார். இயந்திரம் என்பது யாது? கணக்கிடும் மனிதன் உண்மையில் செய்வது யாது? அவ்வாண்டின் கோடையில் கிராண்ட்செஸ்டர்ப் புல்வெளியில் சாய்ந்திருந்தபோது அவருக்கு விடை தோன்றிற்று.

கட்டங்களாகப் பகுக்கப்பட்ட நீண்டதொரு நாடா. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்து, எழுதி, அழித்து, வலமோ இடமோ நகரும் ஒரு கருவி. எந்நிலையில் என் செய்வது என்பதைக் கூறும் கட்டளை அட்டவணை. இவையே அவர் கற்பனை செய்த இயந்திரம். ஓர் இயந்திரத்தின் கட்டளைகளையே நாடாவில் எழுதித் தந்தால், அதன் பணியைத் தானே செய்யும் பொது இயந்திரமும் அமையும் என்று காட்டினார். ஒரே கருவி பல பணிகளை ஆற்றும் இக்காலக் கணிப்பொறியின் கருத்து இங்கேயே கருக்கொண்டது.

எந்த இயந்திரம் இடையறாது இலக்கங்களை எழுதிச் செல்லும், எது இடையில் தேங்கிவிடும் என்பதை எல்லா இயந்திரங்களுக்கும் முன்னரே உரைக்கும் இயந்திரம் இருத்தல் இயலாது என்றும் நிறுவினார். அப்படி ஒன்று உண்டெனக் கொண்டால், அதனை உறுப்பாக உடைய இயந்திரத்தை அதனைக் கொண்டே சோதிக்கும்போது முரண்பாடு விளையும். எனவே ஹில்பர்ட் நாடிய பொது வழிமுறையும் இல்லை என்பது தெளிவாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரினின்றும் பிறந்த அல்காரிதம் என்னும் சொல்லுக்கு, இங்ஙனம் துல்லியமான பொருளும் எல்லையும் கிடைத்தன.

1936 ஏப்ரலில் டூரிங் கட்டுரையை நியூமனிடம் அளித்தார். அதே முடிவை வேறு வழியில் அமெரிக்க அறிஞர் அலோன்சோ சர்ச் கண்டிருந்தார் என்பது அவ்வேளையில்தான் தெரியவந்தது. ஆயினும் டூரிங்கின் வழி தனித்தன்மை உடையதென உணர்ந்த நியூமன், கட்டுரை வெளிவரத் துணைநின்றார். டூரிங்கை ஏற்குமாறு சர்ச்சுக்கும் எழுதினார். டூரிங் பிரின்ஸ்டன் சென்று, சர்ச்சின் வழிகாட்டலில் 1938இல் முனைவர் பட்டம் பெற்றார்.

போரும் புறக்கணிப்பும்

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிளெட்ச்லி பார்க் சென்று, செருமானியரின் எனிக்மா மறைகுறியீட்டை உடைக்கும் பணியில் ஈடுபட்டார். போலந்து அறிஞர்கள் முன்னரே கண்ட வழிகளின் மேல் நின்று, பாம் என்னும் பொறியை வடிவமைத்தார். கடற்படைச் செய்திகளை அறியும் அரும்பணியில் முன்னின்றார். இவை யாவும் பல்லாண்டுகள் மறைபொருளாகவே இருந்தன. போருக்குப் பின் கணிப்பொறி ஒன்றின் முழு வடிவமைப்பைத் தீட்டினார். 1948இல் நியூமனின் அழைப்பை ஏற்று மான்செஸ்டர் சென்றார். 1950இல் இயந்திரம் சிந்திக்குமா என்பதை ஆராய்ந்து எழுதினார்.

1952இல், ஆடவர் ஒருவருடன் கொண்ட உறவிற்காக, அன்றைய ஆங்கிலேயச் சட்டம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. சிறைக்கு மாற்றாக, உடலை நலிவிக்கும் மருந்தை ஏற்கும்படி நேர்ந்தது. நாட்டைக் காத்தவர் என்பதை அறிந்தோர் அதனை வெளியிட இயலாத நிலை. 1954 ஜூன் 7ஆம் நாள், 42 வயது நிரம்புமுன்னரே, சயனைடு நஞ்சால் மறைந்தார். தற்கொலை என விசாரணை முடிவு கூற, விபத்தே என அன்னையார் நம்பினார். 2009இல் பிரித்தானியப் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021இல் 50 பவுண்டுத் தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. காலம் கடந்த நீதி மாண்டாரை மீட்பதில்லை.

மாணவர்க்கு

கணிப்பொறியியலின் மிக உயர்ந்த பரிசு 1966 முதல் டூரிங் பெயரால் வழங்கப்பெறுகிறது. ஆனால் அப்பெயரின் பின்னே, தீராத சிக்கலைத் தீராததென்றே நேர்மையுடன் எடுத்துரைத்த ஆசிரியர் ஒருவர் உள்ளார். ஒரு சொல்லையேனும் எளிதாய்க் கடந்து செல்லாத மாணவர் ஒருவரும் உள்ளார். பட்டம் பெற்றதும் கல்வி முடிந்ததெனக் கருதாது, கருத்தரங்குகளையும் சிறப்பு வகுப்புகளையும் நாடிச் செல்வீராக. அங்குக் கிடைக்கும் சான்றிதழினும், உடன் கொண்டுவரும் வினா பெரிது.