சிஸிலி வில்லியம்ஸ் அம்மையார்

நோயை மருந்தால் தீர்ப்பார் பலர். பிறர் நோயென்று அறியாததை நோயென்று கண்டுரைப்பார் சிலரே. அச்சிலருள் ஒருவராய், குழந்தை மருத்துவம் பயில்வோர் யாவரும் அறிந்த டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

அம்மையார் 1893-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமைக்காவிற் பிறந்தார். அந்நாளில் மருத்துவக் கல்வி பெண்டிர்க்கு எளிதிற் கிட்டுவதன்று. முதல் உலகப் போரில் ஆடவர் பலர் போர்க்களம் சென்றமையால் இடம் பெற்று, ஆக்ஸ்போர்டிலும் இலண்டனிலும் பயின்று 1923-இல் மருத்துவரானார். 1929-இல் பிரிட்டிஷ் அரசின் குடியேற்ற நாட்டு மருத்துவப் பணியில் அமர்ந்து, அக்காலத்தில் கோல்டு கோஸ்டு எனப்பட்ட கானா நாட்டிற்குச் சென்றார்.

அந்நாட்டுத் தலைநகராகிய அக்ராவின் மருத்துவமனைக்கு வந்த சிறு குழந்தைகள் பலர் கைகால் வீங்கி, தோல் கறுத்து உரிந்து, மயிர் செம்பட்டையாகி, ஓயாது சிணுங்குவாராய் இருந்தனர். அவருட் பலர் மாண்டனர். இது பெல்லக்ரா என்னும் பழைய நோயே என்று கூறுவாரும் இருந்தனர். அம்மையாரோ நூலை மட்டும் நம்பாது தாய்மாரை வினவினார். அவர்கள் பேசிய கா மொழியில் அதற்குக் குவாஷியார்க்கர் என்று பெயர். அடுத்த பிள்ளை பிறக்கவே பாலிழந்த முன்பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. நம் பாட்டிமார் சவலைப்பிள்ளை என்பதும் இத்தகைய பிள்ளையையே அன்றோ? பால் மறந்த அப்பிள்ளைக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கூழே; வயிறு நிரம்பியும் உடலை வளர்க்கும் சத்து அதிற் போதவில்லை. இதனை அம்மையார் 1933-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1935-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் அத்தாய்மாரின் சொல்லையே நோய்க்குப் பெயராக்கி எழுதினார். மறுத்தோர் இருந்தும் அவர் தம் கருத்தினின்று பின்வாங்கவில்லை. புரதக் குறைவொன்றே முழுக் காரணமா என்பது இன்றும் ஆராயப்படுகின்றது. ஊட்டக் குறைவே மூலம் என்பதில் ஐயமில்லை.

1936-இல் அவர் மலேயாவிற்கு மாற்றப்பெற்றார். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்து வாழ்ந்த சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பிட்ட டின்பாலை விற்கும் வணிகத்தை 1939-இல் ஒரு பேருரையில் வன்மையாகக் கண்டித்தார். பின்னர் ஜப்பானியர் அவரைச் சாங்கிச் சிறையில் அடைத்தனர். 1945 வரை அங்கே துன்புற்றார். விடுதலைக்குப் பின் 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவிற்கு முதல் தலைவரானார். நம் நாட்டிலும் இந்நோயைக் குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்தில் 1950-களில் டாக்டர் சி. கோபாலன் ஆராய்ந்தார். அக்கூடமே பின்னர் ஐதராபாத்திற்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அம்மையார் 1992-இல், தமது 98-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் கண்டறிந்த உண்மை இன்றும் மருத்துவமனைகளில் உயிர் காக்கின்றது. வீங்கிய குழந்தை கொழுத்ததுபோலத் தோன்றும்; உடலில் தேங்கிய நீர் தராசையும் ஏமாற்றும். ஆதலின் எடையும் உயரமும் காண்பதோடு, இரு பாதங்களையும் விரலால் அழுத்திக் குழி விழுகின்றதா என்றும் பார்க்கின்றனர். ஆறு திங்கள் முதல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையின் மேற்கை நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும், இரு பாதங்களும் வீங்கினாலும் அது கடும் ஊட்டக் குறைவெனக் கொள்ளப்படும்.

நம் பட்டாபிராமிலிருந்து காய்ச்சலுற்ற குழந்தையை மடியில் வைத்து, மின்சார ரயிலேறிச் சென்னைக்கு விரையும் தாயர் உளர். அவர்கள் காய்ச்சலைச் சொல்வர். அடுப்பங்கரையின் வறுமையைக் கேளாமற் சொல்லார். காய்ச்சல் மட்டும் தணிந்து வீடு திரும்பிய குழந்தை, பசி தீராமையால் மீண்டும் நோயுற்று வரும். அளவுநாடாவோ சில காசு விலையது. அளக்க வேண்டும் என்னும் நினைவும், தாயை வினவும் பொறுமையுமே அரியவை. நம் கல்லூரியினின்று செவிலியராகவும் ஆசிரியராகவும் அங்கன்வாடிப் பணியாளராகவும் செல்லவிருக்கும் தோழர்காள், சவலை என்னும் பழஞ்சொல்லை நாம் மறவாதிருப்போமாக. அச்சொல் சுட்டும் பிள்ளையைக் காணாது கடந்து செல்லாதிருப்போமாக.