ரொசலிண்ட் பிராங்ளின்: வயிற்று வீக்கம் சொன்ன சேதி

1920இல் இலண்டனில் பிறந்த ரொசலிண்ட் பிராங்ளினைப் 'படம் 51' வழியாகவே பலர் அறிவர். 1952இல் அவருடைய வழிகாட்டலில் மாணவர் ஒருவர் எடுத்த அந்த எக்ஸ்ரே படம், டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளுக்குச் சான்றானது.

நான் சொல்ல வருவது அவருடைய கடைசி இரண்டு வருடங்களை. 1956இல் அமெரிக்கப் பயணத்தின்போது வயிறு வீங்கி, பாவாடையைப் பூட்ட முடியாமல் போனது. சூலகப் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் வைரஸ் ஆய்வை விடவில்லை. 1958 ஏப்ரல் 16இல், 37 வயதில் காலமானார்.

1963இல்தான் கிறிஸ்டியன் டி டுவே 'ஓட்டோபேஜி' என்று பெயர் வைத்தார். கலம் தன் பழுதான பாகங்களைத் தானே செரித்து மீளப் பயன்படுத்தும் வேலை அது. தொடக்கத்தில் புற்றுநோய் வராமல் காக்கக்கூடும். கட்டி வளர்ந்துவிட்டாலோ, பட்டினியையும் மருந்தையும் தாங்கப் புற்றுக் கலங்களுக்கே அது கைகொடுக்கும். முந்திக் கண்டுபிடிப்பது முக்கியம்.

எங்கள் நாவிதன்வெளியில் வயிறு ஊதினால் வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு வயலுக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். வாரக்கணக்கில் வீக்கம் வற்றாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.