112 அடி நீள மனு

தேர்தல் வந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு பற்றிப் பேசாத மேடை இல்லை. பேச வேண்டியதுதான், அந்தத் தண்ணீரில்தான் நம் வயல்கள் விளைகின்றன, நமக்குக் கூலி வேலையும் கிடைக்கிறது. ஆனால் காலனிக்குக் குடிநீர்க் குழாயும் சுடுகாட்டுக்குப் பாதையும் கேட்டால், அது சின்ன விஷயமாகிவிடுகிறது. எது பெரிய பிரச்சினை என்று யார் முடிவு செய்வது? 130 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கேட்டவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள கோழியாளத்தில் பிறந்தவர். கோவையில் படித்தபோது, தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி மற்ற மாணவர்களோடு சேராமல் ஒதுங்கியே நடந்தார். நீலகிரியில் கணக்கராக இருந்துவிட்டு 1890-ல் சென்னை வந்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாகச் சொன்ன பெயரையே தலைநிமிர்ந்து சூட்டினார்.

ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது அப்போது காங்கிரஸ் தலைவர்களின் முக்கியக் கோரிக்கை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாத மக்களுக்கு அதில் என்ன இருந்தது? சாதி பார்ப்பவர்களே அதிகாரிகளாகவும் வந்துவிட்டால் இவர்கள் யாரிடம் போய் முறையிடுவது? 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கி, 112 அடி நீள எதிர்ப்பு மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார் சீனிவாசன்.

பின்னர் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணிபுரிந்து திரும்பியவர், 1923-ல் சென்னை சட்டசபை உறுப்பினரானார். அங்கே அவர் கையில் எடுத்தது தெருவும் கிணறும்தான். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதையும் எச்சாதியாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924 ஆகஸ்ட் 22-ல் கொண்டுவந்தார். அது நிறைவேறி அரசாணையும் வந்தது. பெரியாற்றுத் தண்ணீர் நம் பள்ளத்தாக்குக்கு 1895-லேயே வந்துவிட்டது. பொதுக்கிணற்றில் நாம் வாளியை இறக்கலாம் என்று காகிதத்தில் எழுதவே மேலும் 29 ஆண்டுகள் ஆயின.

லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காக வாதாடிய அவர், 1945 செப்டம்பர் 18-ல் மறைந்தார்.

அரசாணைக்கு நூறு வயதாகிவிட்டது. சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் மனு எழுதும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அணையைப் பற்றிக் கேளுங்கள். அதோடு உங்கள் தெருக் குழாயையும் சுடுகாட்டுப் பாதையையும் பற்றிக் கேளுங்கள். கேட்டதை எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.